பதினான்காம் பத்தி

குடும்பநல நீதிமன்றத்தின் மூன்றாம் அறை வாசலில் காத்திருந்த அத்தனை பேரையும் யுகேந்திரன் ஒரே பார்வையில் எடைபோட்டுத் தள்ளிவிட்டான். அவன் லிஃப்ட் பாதுகாப்பு ஆய்வாளன். நகரத்தில் எந்த அடுக்குமாடியிலும் அவன் கையெழுத்து இல்லாமல் லிஃப்ட் ஓடாது. ஒரு திருகாணி தளர்ந்திருந்தால்கூடக் கையெழுத்துப் போடாத மனுஷன் என்று பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, உலகத்தில் மிச்சமுள்ள எல்லாருமே தளர்ந்த திருகாணிகள் என்று முடிவுகட்டி வைத்திருந்தான். எதிர் பெஞ்சில் ஒரு ஆள் கைக்குட்டையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். யுகேந்திரன் அவரைப் பார்த்து மூக்காலேயே ஒரு சிரிப்பு சிரித்தான். அந்தச் சிரிப்பை எட்டு வருடம் தின்று செரிக்க முடியாமல்தான் தாரிணி அவனை விட்டுப் போனாள்.

பிரிந்ததில் இரண்டு பேருக்குமே வருத்தமில்லை. விவாகரத்து நாலே மாதத்தில் முடிந்தது. சண்டையெல்லாம் அல்லிக்காகத்தான். ஆறரை வயது, முன்பல் இரண்டும் விழுந்த வாய், யார் எது சொன்னாலும் அப்படியா என்று கண்ணை விரித்துக் கேட்கும் பெண். இப்போதைக்கு வாரத்தில் மூன்று நாள் அப்பா வீடு, நாலு நாள் அம்மா வீடு. அவள் யாரிடம் நிரந்தரமாக வளர்வது என்பதுதான் வழக்கு. யுகேந்திரனுக்கு அவள் முழுசாக வேண்டும். அவள் மேல் உயிரையே வைத்திருந்தான், அதில் பொய் இல்லை.

“இன்னிக்கு பெருசு ரெண்டும் வருது தம்பி,” என்றார் வக்கீல் தெய்வசிகாமணி. கறுப்புக் கோட்டின் அக்குள் வெளுத்துப்போயிருந்தது. அதையும் யுகேந்திரன் கவனிக்கத் தவறவில்லை.

“யாரு சார் பெருசு?”

“வளர்ந்த சாட்சி. கோர்ட்ல பெருசுன்னுதான் சொல்லுவோம். ஆறு வயசுப் பிள்ளைய கூண்டுல ஏத்தி, அம்மா வேணுமா அப்பா வேணுமான்னு கேட்டா அது என்னத்தச் சொல்லும்? வீட்ல சொல்லிக் குடுத்ததைச் சொல்லும். அதனால ஏழு வயசு ஆகற வரைக்கும் பிள்ளையக் கேக்கவே கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க. அதுக்குப் பதிலா மெஷின் அந்தப் பிள்ளைய இருபத்தஞ்சு வயசு வரைக்கும் கணக்குலயே வளத்துக் காட்டும். அம்மாகிட்ட வளந்த அல்லி ஒண்ணு, உங்ககிட்ட வளந்த அல்லி ஒண்ணு. எது நல்லாருக்கோ அது வளந்த வீட்டுக்குப் பிள்ளை.”

“எதை வச்சு வளக்குது?”

“ஸ்கூல் ரிப்போர்ட், டாக்டர் சீட்டு, அப்புறம் நம்ம கேஸ் கட்டு. மனு, எதிர்மனு எல்லாம்.”

“நல்ல கூத்து,” என்றான் யுகேந்திரன்.

சும்மா சொல்லக்கூடாது, கூத்துதான். இந்த நாட்டு நீதிமன்றங்களில் மனுவில் எழுதியிருப்பதை எந்தக் காலத்தில் யார் நம்பினார்கள்? வக்கீல் பத்துக்கு ஐம்பதாக ஏற்றி எழுதுவார். எதிர் வக்கீல் பதிலுக்கு அறுபதாக ஏற்றுவார். நீதிபதி இரண்டையும் கழித்துவிட்டு, மிச்சத்தைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். தலைமுறை தலைமுறையாக எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்குள் புதிதாக ஒரு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார்களே, அதற்குக் கழிக்கவேண்டும் என்று ஒரு புண்ணியவானும் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தியப் பிரமாணம் செய்து கையெழுத்துப் போட்ட காகிதம் என்றால் அதற்கு வேதம்.

டவாலி வெளியே வந்து அல்லியின் வழக்கு எண்ணை மூன்று முறை கூவினார். உள்ளே போனார்கள். இடதுபக்கம் தாரிணியும் அவளுடைய வக்கீல் பியூலாவும் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். தாரிணி ஒரு மருந்துக்கடையில் மருந்தாளர். இன்றைக்கும் வேலைக்குப் போகிறவள் மாதிரி சுருக்கமில்லாத பருத்திச் சேலை கட்டி வந்திருந்தாள். யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுகிற முகம். அந்த முகத்தைக் கல்யாணமான புதிதில் அவனுக்குப் பிடித்திருந்தது. பிறகு ஏளனமாகிவிட்டது.

சாட்சிக் கூண்டுக்குள் ஆளுயரக் கண்ணாடிப் பலகை ஒன்று இருந்தது. அது வெளுத்து, உள்ளே ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தைந்து வயது. தாரிணியின் தாடை, அவனுடைய அகல நெற்றி, இடது புருவத்தின் மேல் அல்லிக்கு இருக்கும் அதே சின்னத் தழும்பு. யுகேந்திரன் அந்தத் தழும்பையே பார்த்தான். ஏளனம் செய்ய அவனுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

“தாயிடம் வளர்ந்த சாட்சி,” என்று நீதிமன்ற எழுத்தரான சிரஸ்தார் வாசித்தார்.

அவள் நீதிபதியைப் பார்க்கவில்லை. அறையின் கதவைப் பார்த்தாள். “மேடம், அந்தக் கதவைத் திறந்து வைக்கச் சொல்ல முடியுமா?”

நீதிபதி மங்கையற்கரசி டவாலியைப் பார்த்தார். டவாலி போய்க் கதவைத் திறந்துவைத்தார். கண்ணாடிக்குள் இருக்கிற வெறும் வெளிச்சத்துக்கு அறைக் கதவு திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

“மூடின கதவு இருந்தா எனக்குப் பேச வராது மேடம். சின்ன வயசுல அம்மா என்னை பாத்ரூம்ல பூட்டி வச்சாங்க. ஜன்னல் கிடையாது. லைட்டை அணைச்சுட்டாங்க. நாப்பது நிமிஷம். நான் வேலைக்குப் போனேன், லிஃப்ட்ல ஏற முடியல, விட்டுட்டேன். கல்யாணம் வேண்டாம்னுட்டேன். தயவுசெஞ்சு என்னை அவங்ககிட்ட விட்றாதீங்க.”

தாரிணி இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். யுகேந்திரன் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான். அது ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை.

அடுத்து தந்தையிடம் வளர்ந்த சாட்சி வந்தாள். அதே தாடை, அதே தழும்பு. அவளும் கதவைத்தான் முதலில் பார்த்தாள். “திறந்தே இருக்கட்டும் மேடம். அப்பா என்னை பாத்ரூம்ல பூட்டி வச்சாரு. ஜன்னல் கிடையாது. லைட்டை அணைச்சுட்டாரு. நாப்பது நிமிஷம்.”

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு மனுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ரெண்டு மனுவுலயும் பத்தி பதினாலு. ‘மேற்படி மைனர் குழந்தையை ஜன்னல் இல்லாத குளியலறையில் வைத்து, விளக்கை அணைத்து, நாற்பது நிமிட நேரம் பூட்டி வைத்துக் கொடுமை செய்தார்.’ வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணா இருக்கு. இவ்வளவு சண்டை போடற நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போற ஒரே விஷயம் இதுதான். அதனால சம்பவம் நடந்ததுல சந்தேகமே இல்லைன்னு மெஷின் எடுத்துக்கிட்டிருக்கு. செஞ்சது யாருங்கறது மட்டும்தான் பாக்கி. மதியம் ரெண்டரை மணிக்குச் சொல்லுங்க. சொல்லலேன்னா, ரெண்டு சாட்சியும் வேண்டாம்னு சொன்னதால பிள்ளை அரசு இல்லத்துக்குப் போகும்.”

இதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவரும் ஒரு காலத்தில் வக்கீலாக இருந்தவர்தான். அந்தப் பத்தியை அவரும் எத்தனையோ பேருக்குப் போட்டுக் கொடுத்திருப்பார். இப்போது மேலே உட்கார்ந்துகொண்டு அதை முதல்முறை பார்ப்பதுபோல் வாசித்தார், அவ்வளவுதான்.

வெளியே வேப்பமரத்தடி டீக்கடையில் தெய்வசிகாமணி விஷயத்தை உடைத்தார். “எதிர்ல டைப்பிங் சென்டர் இருக்கே, எங்க குமாஸ்தாவும் அங்கதான் குடுப்பான், பியூலா மேடம் குமாஸ்தாவும் அங்கதான் குடுப்பான். பிள்ளை கேஸ்னா அவங்ககிட்ட ஒரு பழைய மாதிரி இருக்கு. பேரை மட்டும் மாத்தி அடிச்சுக் குடுத்துடுவாங்க. பதினாலாவது பத்தி இருபது வருஷமா ஓடிக்கிட்டிருக்கு தம்பி. இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல.”

“எங்க பாத்ரூம்ல இவ்வளவு பெரிய ஜன்னல் இருக்கு சார். நான் இதை உங்ககிட்ட சொல்லவே இல்லியே.”

“சொல்லல. ஆனா பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“படிச்சுப் பாக்கல.”

“யாரு படிக்கறா,” என்று சொல்லிவிட்டு வக்கீல் டீயை உறிஞ்சினார்.

அடுத்தவன் வீட்டு லிஃப்டுக்குக் கையெழுத்துப் போடப் பூதக்கண்ணாடியோடு போகிற மனுஷன், பெற்ற பெண்ணுக்காகப் பதினெட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடும்போது செல்போனைப் பார்த்துக்கொண்டு போட்டிருக்கிறான். தாரிணி மட்டும் என்ன வாழ்ந்தாள்? மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியை மூன்று தடவை பார்ப்பவள், பியூலா விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

“இப்ப என்ன பண்றது?”

“ரெண்டு பேரும் சேர்ந்து, இது பொய்னு ஒத்துக்கிட்டா ரெண்டு மனுவும் குப்பைக்குப் போகும். ஜட்ஜ் அம்மா ரெண்டு திட்டு திட்டுவாங்க. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். பிள்ளை இப்ப இருக்கற மாதிரியே ரெண்டு வீட்லயும் இருக்கும்.”

“ஒருத்தர் மட்டும் ஒத்துக்கிட்டா?”

வக்கீல் டம்ளரை வைத்தார். “அவங்க பொய்ச் சத்தியம் பண்ணவங்க. அடுத்தவரு மனு உண்மையா நின்னுடும்.”

யுகேந்திரன் அதற்கு மேல் கேட்கவில்லை. தாரிணி அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தாள். பியூலா பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு வந்தும் அவள் நிற்கவில்லை.

“யுகா, உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரும் அவளைப் பூட்டி வைக்கல. பெரிய அல்லி கதவைத் திறந்து வைக்கச் சொன்னப்ப எனக்கு உயிரே போயிடுச்சு. ரெண்டு பேரும் உள்ள போய் உண்மையச் சொல்லிடலாம். முதல்லேர்ந்து சண்டை போட்டுக்கலாம், பரவாயில்ல. பிள்ளையக் கொண்டுபோய் இல்லத்துல விடக்கூடாது.”

“சரி,” என்றான் யுகேந்திரன்.

“நிஜமா?”

“சரின்னு சொன்னேன்ல. நீ முதல்ல சொல்லு. நான் அடுத்தாப்புல சொல்றேன்.”

அவள் கண் கலங்கிவிட்டது. தேங்க்ஸ் என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டபோது அவனுக்கு அவள் மேல் பழைய இளக்காரம் திரும்ப வந்தது. எட்டு வருடம் கூட இருந்தும் ஆளைத் தெரிந்துகொள்ளாத ஜென்மம் என்று நினைத்தான். ஆனாலும் அந்த நேரத்தில் அவன் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தான். அப்படி அவன் பிற்பாடு தன்னிடமே பலமுறை சொல்லிக்கொண்டான்.

இரண்டரைக்கு தாரிணி எழுந்து நின்றாள். “மேடம், என் மனுவுல பதினாலாவது பத்தி பொய். நான் படிக்காம கையெழுத்துப் போட்டேன். அவரு பிள்ளை மேல ஒரு நாளும் கை வச்சதில்ல. பூட்டி வச்சதும் இல்ல. அப்படிப்பட்ட ஆள் இல்ல அவரு.”

“சத்தியப் பிரமாணம் பண்ணிக் குடுத்த மனுவும்மா அது.”

“தெரியும் மேடம். தப்புதான்.”

நீதிபதி அவன் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. உங்க மனுவுல பத்தி பதினாலு உண்மையா?”

தெய்வசிகாமணி பேனாவை மூடினார், திறந்தார். தாரிணி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையும் எழுதிவிடும் என்று நம்பிப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. பொய் என்று சொன்னால் மறுபடி வாய்தா, மறுபடி நடை, மறுபடி வாரத்தில் மூன்று நாள். சும்மா இருந்தால் அல்லி இன்றைக்கே வீட்டுக்கு வருவாள், பிறகு போகவே மாட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாரிணி வந்து பார்த்துக்கொள்ளட்டும். அந்த மட்டும் பெருந்தன்மை தனக்கு உண்டு என்று அவன் நினைத்துக்கொண்டான்.

“உண்மைதான் மேடம்,” என்றான்.

தாரிணி கத்தவில்லை, அழவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு வருடமாக அவன் அவளைப் பார்த்த அதே பார்வையோடு முதல்முறையாக அவள் அவனைப் பார்த்தாள். கூசிப்போய் அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

இயந்திரம் பதினொரு நிமிடம் எடுத்துக்கொண்டது. மூன்றாவதாக ஒரு அல்லி வந்தாள். நன்றாக இருந்தாள். முகத்தில் தெளிவு, குரலில் நிதானம். கதவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“சந்தோஷமா இருக்கியாம்மா?” என்று கேட்டார் நீதிபதி.

“இருக்கேன் மேடம். எல்லாம் அப்பாவாலதான். அம்மா என்னை பாத்ரூம்ல பூட்டி வச்சாங்க. அப்பாதான் வந்து கதவைத் திறந்து என்னைத் தூக்கிக்கிட்டாரு. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

“அம்மாவைப் பாக்கணும்னு தோணுமா?”

“வேண்டாம் மேடம். பயமா இருக்கும்.”

அவள் கண்ணாடிக்குள்ளிருந்து யுகேந்திரனைப் பார்த்துச் சிரித்தாள். பாசமான சிரிப்பு. அவன் செய்யாத காரியத்துக்கு வந்த நன்றி. திரும்பச் சிரிப்பதற்கு அவனுக்கு வாய் வரவில்லை. தீர்ப்பு நாலு வரி: குழந்தை தந்தையிடம். கொடுமை செய்த தாய், மறுபரிசீலனை வரை குழந்தையைப் பார்க்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைப் பெருந்தன்மைக்கு அதில் இடமே இல்லை.

“அதென்ன சார் பாக்கவே கூடாதுன்னுட்டாங்க?” என்று வராந்தாவில் கேட்டான்.

“நீங்க சொன்னதைத்தானே தம்பி எழுதியிருக்காங்க.” வக்கீல் கேஸ் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். “இன்னொண்ணு. பாப்பாவுக்கு எப்ப ஏழு முடியுது?”

“நவம்பர்ல.”

“நாலு மாசம். ஏழு வயசு ஆனதும் மறுபரிசீலனை. அப்ப பிள்ளையவே நேர்ல கேப்பாங்க. பெருசு சொன்னதும் பிள்ளை சொல்றதும் ஒத்துப்போகணும். போகலேன்னா, நீங்களும் பொய்ச் சத்தியம்னு ஆயிடும். ரெண்டு பேருமே பொய்யாயிட்டா பிள்ளை எங்க போகும்னு ஜட்ஜ் அம்மா காலைலயே சொல்லிட்டாங்க.”

“அவளுக்கு எப்படி சார் தெரியும்? நடக்கவே இல்லியே.”

“நாலு மாசம் இருக்குல்ல,” என்றார் தெய்வசிகாமணி. அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். போய்விட்டார்.

முதல் வாரம் யுகேந்திரன் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா எங்கே, அம்மா எப்ப வரும் என்று அல்லி கேட்டுக்கொண்டே இருந்தாள். வேலைக்கு வெளியூர் போயிருக்கிறாள் என்று சொல்லிச் சமாளித்தான். இரண்டாவது வாரம், பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிவிடும்போது, அவளுடைய முகம் தெரியாத பக்கத்தில் நின்றுகொண்டு ஆரம்பித்தான்.

“உனக்கு ஞாபகம் இருக்கா கண்ணு? நீ சின்னப் பிள்ளையா இருக்கறப்ப அம்மா ஒரு நாள் உன்னை பாத்ரூம்ல பூட்டி வச்சாங்கல்ல.”

“இல்லியே.”

“லைட்டெல்லாம் அணைச்சுட்டு. ஜன்னல்கூட இல்ல.”

“நம்ம பாத்ரூம்ல ஜன்னல் இருக்கேப்பா. வெளிய புறா உக்காருமே.”

“இது இல்ல. அது வேற வீடு. நாம முன்னாடி இருந்தது.”

“அப்படியா?” என்றாள் அல்லி, கண்ணை விரித்துக்கொண்டு.

சொன்ன கையோடு அவனுக்கு வாய் கசந்தது. த்தூ என்று தன்னையே துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் நிறுத்தவில்லை. எதிர் பெஞ்சு ஆள்களை ஒரு பார்வையில் தள்ளிவிட்ட கெட்டிக்காரன், தினமும் காலையில் சீப்பும் கையுமாக ஒரு குழந்தைக்கு அவள் அம்மாவைப் பயப்படச் சொல்லிக்கொடுத்தான். பின்னலும் ஒழுங்காக வரவில்லை. ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

ஆகஸ்டில் அல்லி அந்தக் கதையைத் தானே கேட்க ஆரம்பித்தாள். செப்டம்பரில் அவன் விட்ட இடத்தை அவளே நிரப்பினாள். பச்சை வாளி இருந்ததாகச் சொன்னாள். குழாய் சொட்டியதாகச் சொன்னாள். அவன் வாளியையும் சொல்லவில்லை, குழாயையும் சொல்லவில்லை. அக்டோபரில் குளிக்கும்போது கதவைச் சாத்த விடவில்லை. சாத்தினால் அலறினாள். ஒரு மாலை பேருந்து நிறுத்தத்தில் தாரிணியின் சேலை மாதிரி ஒன்றைக் கட்டியிருந்த யாரோ ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு அவன் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அப்பா என்னைத் தூக்கிக்கோ என்றாள். தூக்கிக்கொண்டான். அவளுடைய நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டதை அவன் தோளில் உணர்ந்தான். அன்றைக்கே வக்கீலுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடலாமா என்று எண்ணை எடுத்தான். எடுத்தவன் வைத்துவிட்டான்.

மறுபரிசீலனைக்கு மூன்று நாள் முந்திய சனிக்கிழமை மதியம் அவளுக்குத் தட்டில் ரசம் சாதம் பிசைந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான்.

“வர்ற செவ்வாய்க்கிழமை நாம ஒரு மேடத்தைப் பாக்கப் போறோம். அவங்க கேட்டா என்ன சொல்லுவே?”

அல்லி சாதத்தை விழுங்கிவிட்டுச் சொன்னாள். தடங்கலே இல்லை. “அம்மா என்னை பாத்ரூம்ல பூட்டி வச்சாங்க. ஜன்னல் இல்ல. லைட்டை அணைச்சுட்டாங்க. பச்சை வாளிக்குப் பக்கத்துல உக்காந்துட்டிருந்தேன். தண்ணி சொட்டிட்டே இருந்துச்சு. நான் அம்மா அம்மான்னு கத்துனேன். அப்புறம் அப்பா அப்பான்னு கத்துனேன். நாப்பது நிமிஷம். அப்புறம் நீ வந்து கதவைத் திறந்து என்னைத் தூக்கிக்கிட்டே.”

அப்பழுக்கில்லாத சாட்சியம். பெரிய அல்லி சொன்ன எதுவும் இதில் விடுபடவில்லை. நீதிபதி மங்கையற்கரசியால் இனி ஒரு கேள்வி கேட்க முடியாது. யுகேந்திரன் மூச்சை விட்டான். ஜெயித்தாயிற்று, பெண் தன்னிடமே இருப்பாள் என்று நினைத்தான்.

அல்லி அடுத்த வாயை எடுக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு பிதுங்கியது.

“அப்பா.”

“என்ன கண்ணு?”

“நீயும் வீட்லதானே இருந்தே?”

அவன் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான்.

“நான் அவ்ளோ நேரம் உன்னைக் கூப்பிட்டேனே,” என்றாள் அல்லி. “நீ ஏன்ப்பா உடனே வரல?”